எலிக்குப் பேறுகாலம் பார்த்தவர்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு, பெண் எலியின் வாலை மெல்லத் தூக்கிப் பார்ப்பதில் அக்காவின் நாள் தொடங்கும். இரவு ஆணோடு சேர்ந்திருந்தால் பிறப்புறுப்பின் வாயில் மெழுகுத் துளி மாதிரி வெளுப்பாக ஓர் அடைப்பு இருக்கும். அனிமல் ஹவுஸில் அதற்குப் பெயர் பிளக். வெயில் ஏறுவதற்குள் உதிர்ந்துவிடும் என்பதால் விடியலில் பார்த்தால்தான் உண்டு. பிளக் இருந்தால் கூண்டின் முன்னால் செருகியிருக்கும் அட்டையில் தேதி எழுதுவார். அன்றிலிருந்து பத்தொன்பது, இருபது நாளில் குட்டி.

1999இன் குளிர்காலத்தில் ஒரு கூண்டின் அட்டை மட்டும் ஒன்பது வாரமாக வெறுமையாகவே இருந்தது. ஆணை மாற்றிப் பார்த்தார். பக்கத்துக் கூண்டுகளில் குட்டிகள் பிறந்து, கண் திறந்து, பால் மறந்து தனிக் கூண்டுக்கே போய்விட்டன. இந்தப் பெண் எலியோ நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போனது. அது சினை இல்லை, கொழுப்பு. கையில் எடுத்தால் முதுகு கூனியிருப்பது விரலுக்குத் தெரிந்தது. அதன் உடம்பில் ஒரே ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளையும் வேலை செய்யாமல் நிறுத்தியிருந்தார்கள். எஃப்எஸ்எச் என்னும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிக்கான மரபணு அது. இப்படி ஒரு மரபணு நீக்கப்பட்ட எலியை அந்தத் தொழிலில் நாக்அவுட் என்பார்கள்.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்தில். பனங்காட்டையும் தேரிச் செம்மண்ணையும் பார்த்து வளர்ந்தவர், பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தார். பெங்களூரில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு, 1996இல் பனி கொட்டும் ஒரு வட அமெரிக்க நகரத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 2008இல் இந்தியா திரும்பி, ஓய்வு பெறும்வரை மரபணு மாற்றிய எலிகளோடுதான் இருந்தார். ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் அக்கா. கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும். முதல் விடுமுறையில் ஊருக்கு வந்து தன் வேலையை விளக்கியபோது ஆச்சி கேட்டாராம்: “ஏளா, அம்புட்டுத் தூரம் போயி எலிக்கா பேறுகாலம் பாக்கே?”

ஆமாம் என்றுதான் சொன்னார்.

எஃப்எஸ்எச் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து கிளம்பி, இரத்தத்தோடு போய், பெண்ணுக்குச் சினைப்பையிலும் ஆணுக்கு விரையிலும் வேலை செய்கிறது. சினைமுட்டையைச் சுற்றியிருக்கும் நுண்ணறை முதிர்வதற்கு இது வேண்டும். ஆனால் ஹார்மோன் வந்தால் மட்டும் போதாது. தாமிரபரணிக் காலில் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் மடை திறந்த வயலுக்குத்தான் பாயும். ஏற்பிதான் அந்த மடை. அணையையே மூடிவிட்டால் வயல் என்னவாகும் என்பது ஒரு கேள்வி. தண்ணீரை ஓடவிட்டு மடையை மட்டும் சுவர் வைத்து அடைத்தால் என்னவாகும் என்பது வேறொரு கேள்வி. முதல் சோதனையை 1997இல் ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் டி. ராஜேந்திர குமாரும் மார்ட்டின் மட்சுக்கும் மற்றவர்களும் வெளியிட்டார்கள். அவர்களுடைய எலியில் எஃப்எஸ்எச் ஹார்மோனே உருவாகாது. இரண்டாவதை 1998இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஆந்த்ரே டீரிச்சும் பாவ்லோ சசோனே-கோர்சியும், மொன்ட்ரியலில் எம்.ஆர். சாய்ராமும் சேர்ந்து வெளியிட்டார்கள். அதில் ஹார்மோன் உண்டு, ஏற்பி இல்லை. சாய்ராம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் என்.ஆர். மௌட்கலிடம் பயின்றவர். அவர் குழு அந்த எலிக்கு வைத்த பெயர் ஃபோர்கோ.

இரண்டு எலியிலும் பெண் மலடு. நுண்ணறைகள் ஒரு கட்டம் வரை வளர்ந்து, அதற்கு மேல் போகாமல் நின்றுவிட்டன. ஃபோர்கோவின் இரத்தத்திலோ எஃப்எஸ்எச் வழக்கத்தைவிட மிகுந்திருந்தது. சினைப்பை ஈஸ்ட்ரோஜென் சுரந்து ‘போதும்’ என்று பதில் அனுப்பவில்லை, அதனால் பிட்யூட்டரி அனுப்பிக்கொண்டே இருந்தது. கருப்பை நூலாக மெலிந்து கிடந்ததை அக்கா முதன்முதலில் அறுவை மேசையில் பார்த்தபோது, திசுவைத் தவறவிட்டோமோ என்று இரண்டு முறை தேடினாராம்.

ஆண் எலி விஷயத்தில்தான் பெரிய குழப்பம் வந்தது. அது அவருடைய பெங்களூர் நாட்களையே ஆட்டிவிட்டது.

எண்பதுகளில் பெங்களூரில் அவர் பார்த்த வேலை குரங்குகளோடு. கோயில்களில் தேங்காய் பிடுங்கும் அதே நாட்டுக் குரங்குதான். எஃப்எஸ்எச்சுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டால் ஆண் குரங்கின் விந்தணு எண்ணிக்கை சரிந்து இனவிருத்தி நின்றுவிடும் என்று மௌட்கல் குழு பல வருடம் பொறுமையாகக் காட்டியிருந்தது. ஆண்களுக்கு ஒரு கருத்தடை ஊசி கிடைக்கும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. மனிதத் தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்த முடிவுகளும் 1997இல் வெளிவந்தன. அதே வருடத்தில்தான் குமாரின் எலிகள் வந்தன. எஃப்எஸ்எச் துளியும் இல்லாத ஆண் எலிகள், விரை சிறுத்திருந்தாலும், குட்டிகளுக்குத் தகப்பனாயின. நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் அந்தக் கட்டுரை முடிந்த கையோடு, அடுத்த பக்கத்தில் ஃபின்லாந்திலிருந்து இன்னொன்று. எஃப்எஸ்எச் ஏற்பி பழுதான ஐந்து ஆண்களைப் பற்றியது அது. விந்தணு உற்பத்தி ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும் யாருக்கும் முற்றாக இல்லாமல் போகவில்லை. இரண்டு பேருக்குக் குழந்தைகளும் இருந்தன.

குரங்கு ஒன்று சொல்ல, எலி வேறொன்று சொல்ல, மனிதன் இடையில் நின்றான். இனிக் குரங்கு வேலையெல்லாம் வீண் என்று பேசியவர்களை அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. வளர்ந்த குரங்குக்கு ஊசி போட்டு ஹார்மோனைப் பாதியில் நிறுத்துவதும், கருவிலிருந்தே அது இல்லாமல் ஓர் உடம்பு வளர்ந்து வருவதும் எப்படி ஒன்றாகும்? பிறவியிலேயே ஒரு கை இல்லாதவர் மறு கையால் எல்லாம் பழகிக்கொள்வார். நாற்பது வயதில் கை இழந்தவர் பாடு வேறு. நாக்அவுட் எலி எப்போதும் முதல் வகை ஆள். புதிதாக வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் இதை வெள்ளைப் பலகையில் படம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் எலியின் வாலைப் பிடிக்க விடுவார் அக்கா.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பின்னால் க்ரே-லாக்ஸ் முறை வந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் நொதியைக் கொண்டு, வேண்டிய உறுப்பில் மட்டும் மரபணுவை வெட்டலாம். டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுக்கும் நாளில் மட்டும் வெட்டும்படியும் செய்யலாம். இதன் அருமை இன்சுலின் ஏற்பியில் தெரிந்தது. உடம்பு முழுக்க அதை நீக்கிய எலிக்குட்டி பிறந்த சில நாளிலேயே சர்க்கரை ஏறிச் செத்துப்போனது. அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. 1998இல் ரொனால்ட் கான் குழு தசையில் மட்டும் நீக்கியபோது எலி உயிரோடிருந்தது. எல்லாரும் எதிர்பார்த்த சர்க்கரை நோயும் அதற்கு வரவில்லை.

முதல் தலைமுறை நாக்அவுட்டில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஈஸ்ட்ரோஜென் ஏற்பி இல்லாமல் ஒரு கரு உயிர் தரிக்காது என்று பலர் நினைத்திருந்த காலத்தில், 1993இல் வட கரோலினாவில் டென்னிஸ் லுபான், கென்னத் கொராக், ஆலிவர் ஸ்மிதீஸ் ஆகியோர் அப்படி ஓர் எலியைப் பிறக்கவைத்தார்கள். அது நன்றாகவே வளர்ந்தது. ஆணும் பெண்ணும் மலடு என்பது மட்டுமே குறை. மறு வருடமே மனிதரிலும் ஒருவர் கண்டறியப்பட்டார்: இருபத்தெட்டு வயது, இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், எலும்பின் நுனிகள் மூடாமல் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. ஆணுக்கும் எலும்பு முற்றுவதற்கு ஈஸ்ட்ரோஜென் வேண்டும் என்று உலகம் தெரிந்துகொண்டது அவரால். ஆனால் அந்த 1993 எலியில் ஏற்பி முழுதாகப் போய்விடவில்லை. மரபணுவின் நடுவில் செருகிய துண்டைத் தாண்டி, குறுகிய வடிவில் கொஞ்சம் புரதம் உருவாகிக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. 2000இல் ஸ்ட்ராஸ்பூர்க் குழு சுத்தமாக நீக்கிய எலியை வெளியிட்டது. அட்டையில் ‘நாக்அவுட்’ என்று எழுதியிருந்தால் உள்ளே ஒன்றுமில்லை என்று நம்பிவிடக் கூடாது என்பார் அக்கா. ஏற்பி உண்மையில் இல்லையா என்று புரதத்தைத் தேடிப் பார்க்காமல் அவர் எந்தச் சோதனையும் தொடங்கியதில்லை.

இனி அவருடைய நோட்டுப் புத்தகத்துக்கு வருவோம். நீல அட்டை போட்ட அந்த நோட்டுகள் இப்போதும் சாத்தான்குளத்து வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

ஏற்பி மரபணு இரண்டும் போன பெண் எலி மலடு. ஆகவே அதிலிருந்து அடுத்த தலைமுறை எடுக்க முடியாது. ஒரு பிரதி நல்லதும் ஒரு பிரதி கெட்டதுமாக இருக்கும் எலிகளைத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். அனிமல் ஹவுஸில் இவற்றை ‘ஹெட்’ என்பார்கள். இரண்டு ஹெட் சேர்ந்தால் நான்கில் ஒன்று முழு நாக்அவுட், இரண்டு ஹெட், ஒன்று இயல்பானது. மூன்று வாரத்தில் குட்டிகளைப் பிரிக்கும்போது வால் நுனியில் ஒரு துளி வெட்டி, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் ஓட்டி, ஜெல்லில் கோடு பார்த்து வகை பிரிக்க வேண்டும். எல்லாருடைய கண்ணும் நான்கில் ஒன்றான அந்த நாக்அவுட் மேல்தான். ஹெட் எலி வெறும் அம்மா, அப்பா. அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அக்கா எண்ணினார். எண்ணுவது அவர் வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஈற்றுக்கும் எத்தனை குட்டி, தாயின் வயது என்ன என்று இரண்டு பத்தி போட்டு எழுதிவந்தார். ஹெட் தாய்களின் ஈற்று வயது ஏற ஏறச் சீக்கிரமே சுருங்கியது. அதே வயதுள்ள இயல்பான தங்கைகள் நிறையப் பெற்றுக்கொண்டிருந்தபோதே இவற்றின் அட்டைகள் வெறுமையாகத் தொடங்கின. வாரக் கூட்டத்தில் சொன்னார். வயதான எலி, மாற்றிவிடுங்கள் என்றார் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். மாற்றினார்கள். புதிதாக வந்தவையும் அப்படியே.

2002இல் நதாலியா டேனிலோவிச்சும் சாய்ராமும் வெளியிட்ட கட்டுரையைப் படித்த அன்று, அக்கா மதியச் சாப்பாட்டை மறந்துபோனார். எஃப்எஸ்எச் ஏற்பி மரபணுவில் ஒரே பிரதி உள்ள பெண் எலிகளில் சினைமுட்டைகள் வேகமாகத் தீர்ந்து, இனப்பெருக்கக் காலம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது என்று அவர்கள் முறைப்படி நிறுவியிருந்தார்கள். மடை முழுதாக அடைபடவில்லை. பாதி திறந்திருந்தது. ஆனால் பாதித் தண்ணீரில் பாதி விளைச்சல் என்ற கணக்கு உடம்பில் செல்லவில்லை. முதலில் எல்லாம் சரியாகவே தெரிந்து, பிறகு பருவம் முடியும் முன்பே வயல் காய்ந்தது.

அந்தக் கட்டுரையை அவர் அவ்வளவு ஊன்றிப் படித்ததற்குக் காரணம் ஊரில் இருந்தது. அவருடைய சித்திக்கு இருபத்தொன்பது வயதில் மாதவிலக்கு நின்றுபோனது. பிள்ளை இல்லை. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டார்கள், விரதம் இருந்தார்கள், கண்ட மருந்தையும் அரைத்துக் குடித்தார்கள். கடைசியில் பழி முழுதும் சித்தி தலையில் விழுந்தது. கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்கக்கூட அழைக்க மாட்டார்கள். சித்திக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. இளவயதில் சினைப்பை ஓய்ந்துபோகப் பல காரணங்கள் உண்டு. எஃப்எஸ்எச் ஏற்பியில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அப்படி நேரலாம் என்று 1995இல் கிறிஸ்டீனா ஐட்டோமாக்கி குழு ஃபின்லாந்துக் குடும்பங்களில் கண்டறிந்தது. அந்தச் செய்தி வருவதற்குள் சித்திக்கு ஐம்பது வயதாகியிருந்தது.

அக்காவிடம் கேட்டால் நாக்அவுட்டைவிடப் பாதிகளைப் பற்றித்தான் நிறையப் பேசுவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வெள்ளைச்சாமி இளங்கோவனின் ஆய்வையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறார். இதயம் சுரக்கும் ஏஎன்பி என்ற ஹார்மோனின் ஏற்பி இல்லாத எலிகளில், இதயம் பெருத்து நார் பாய்வது எப்படி என்று நியூ ஆர்லியன்ஸின் துலேன் பல்கலைக்கழகத்தில் கைலாஷ் பாண்டேயோடு சேர்ந்து ஆராய்ந்து 2005இல் எழுதியவர் இளங்கோவன். அதே ஏற்பியில் ஸ்மிதீஸ் குழு முன்பே அழகான ஒன்றைச் செய்திருந்தது. நீக்குவதோடு நிற்காமல், ஒரு பிரதி, இரண்டு, மூன்று, நான்கு என்று மரபணுவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பிரதி கூடக் கூட எலியின் இரத்த அழுத்தம் படிப்படியாக இறங்கியது. மனிதர்களில் ஏற்பியே இல்லாதவர் அபூர்வம். கொஞ்சம் கூடியவரும் கொஞ்சம் குறைந்தவரும்தான் மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள்.

கூண்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைச் சொல்ல முடியாது. 1998இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பட்ரீசியா ஹண்ட் சினைமுட்டையின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் திடீரென்று, எந்த மாற்றமும் செய்யாத எலிகளின் முட்டைகளில் கோளாறு ஒன்றிரண்டு சதவீதத்திலிருந்து நாற்பதுக்குத் தாவியது. தேடித் தேடிப் பார்த்ததில் காரணம் சலவை அறையில் இருந்தது. பாலிகார்பனேட் கூண்டுகளைத் தவறான சோப்புக் காரத்தில் கழுவியதால் பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜென் போல நடிக்கும் பிஸ்பீனால் ஏ கசிந்திருந்தது. அதை 2003இல் வெளியிட்டார். அக்கா அதைப் படித்துவிட்டுத் தம் ஆய்வுக்கூடத்தில் மங்கிப்போன கூண்டுகளை எல்லாம் ஒரே வாரத்தில் ஒதுக்கினார். இரையில் சோயா எவ்வளவு என்று கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். சோயாவிலும் ஈஸ்ட்ரோஜென் போன்ற பொருள் உண்டு. படுக்கைக்குப் போடும் மக்காச்சோளக் கதிர்த் தூளில்கூட ஹார்மோன் வேலையைக் குலைக்கும் சரக்கு இருப்பதாக ஆய்வு வந்தது. ஏற்பியை நீக்க லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு, இரை மூட்டையின் லேபிளைப் படிக்காமல் விட்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மணமும் அப்படித்தான். புதிதாகச் சினைப்பட்ட எலியின் பக்கத்தில் அந்நிய ஆணின் வாடை பட்டாலே கரு தங்காமல் போகும் என்று 1959இலேயே ஹில்டா புரூஸ் கண்டுபிடித்திருந்தார். கூண்டு வரிசையை மாற்றி அடுக்கிய ஒரு புதுப் பையனால் அக்காவுக்கு ஒரு மாத வேலை போனது. அவனைத் திட்டவில்லை. புரூஸின் கட்டுரையை அச்செடுத்துக் கையில் கொடுத்தார்.

2008இல் திரும்பியபோது இந்தியாவில் வேறு பாடங்கள் காத்திருந்தன. விலங்குச் சோதனைக்கான 1998 விதிகளின்படி ஒவ்வொரு எலிக்கும் முன்கூட்டியே நெறிமுறைக் குழுவிடம் கணக்குச் சொல்ல வேண்டும்: எத்தனை, ஏன், வேறு வழி இல்லையா. பலர் இதைத் தொல்லை என்றார்கள். அக்கா வரவேற்றார். நான்கில் ஒன்றுதான் நாக்அவுட் என்றால் மீதி மூன்றையும் என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்கு மாணவர் பதில் எழுதியே ஆகவேண்டும் அல்லவா? வேண்டாத குட்டிகளைக் கார்பன் டை ஆக்சைடில் முடிக்கும் வேலையை அவர் கடைசிவரை பிறர் தலையில் கட்டவில்லை. முப்பது வருடத்தில் அது ஒருநாளும் பழகவில்லை என்றார். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது.

ஒரு மே மாத இரவில், அவர் அப்போது வேலை பார்த்த இடத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. விடியலில் கதவைத் திறந்தால் அறை சூளையாக இருந்தது. ஆறு வருடம் கலப்பு செய்து தூய்மைப்படுத்திய ஒரு வம்சம் முழுதும் போய்விட்டது. 1947இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் தீயில் எரிந்து எலிகளை இழந்தபோது, அங்கிருந்து முன்பு எலி வாங்கியவர்கள் எல்லாம் திருப்பி அனுப்பி வம்சங்களை மீட்டுக்கொடுத்தார்கள். அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது. இன்னொரு ஊரில் இருந்த பழைய மாணவி நான்கு ஜோடிகளைப் பெட்டியில் அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வம்சத்தையும் கருவாகவோ விந்தாகவோ உறையவைக்காமல் விட்டதில்லை.

கடைசிப் பத்து வருடத்தில் வேகம் மாறிவிட்டது. முன்பு கருமூலச் செல்லில் மரபணுவை மாற்றி, கருவில் செலுத்தி, இரு நிற ரோமத்தோடு பிறக்கும் கலப்புக் குட்டியிலிருந்து வம்சம் எடுக்க ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். 2013இல் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறை எலிக்கு வந்தபின் சில மாதங்களில் முடிகிறது. கேள்விகளோ முடியவில்லை. எஃப்எஸ்எச் நேராக எலும்பிலேயே வேலை செய்து அதைத் தேய்க்கிறது என்று 2006இல் மோன் ஸைதி குழு எழுதியது. சாய்ராமின் எலியும் குமாரின் எலியும் அதில் பயன்பட்டன. மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு தேய்வதற்கு ஈஸ்ட்ரோஜென் குறைவது மட்டும் காரணமில்லையோ என்ற சந்தேகம் அங்கே பிறந்தது. எதிர்வாதங்களும் வந்தன. 2017இல் அதே குழு, எஃப்எஸ்எச்சைத் தடுத்தால் எலியின் கொழுப்பு குறைவதாகச் சொன்னது. அக்கா இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. கூனிய முதுகோடு பருத்துப்போன 1999இன் எலி அவர் நினைவில் இருக்கிறது. எலும்பைத் தேய்க்கிற ஹார்மோனுக்கு மடையே அடைபட்ட எலிக்கும் முதுகு கூனியது, அதன் உடம்பில் ஈஸ்ட்ரோஜென் இல்லாததால். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனைதான் அவருக்கு வேண்டும்.

சித்திக்கு இப்போது எண்பது வயதாகப்போகிறது. சாயங்காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காபி குடித்தபடி, அக்கா நீல நோட்டைப் புரட்டிக் கதை சொல்வதைக் கேட்பார். ஒரு நாள் அட்டை வெறுமையாக இருந்த அந்தப் பெண் எலியின் கதையைச் சொல்லி முடித்தபோது, சித்தி வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“ஏளா, குட்டி போடலன்னு அந்த எலியள யாராவது ஏசுவாவளா?”

“இல்ல சித்தி. எதுனாலன்னு பாப்போம், அவ்வளவுதான்.”